ஒன்பதாம் தொட்டியின் ஒரு சாண்

என் மருமகள் கம்ப்யூட்டரில் எழுதுகிறாள். கதையா, கவிதையா என்று கேட்காதீர்கள். பம்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு இரும்புப் பெட்டி மாட்டியிருக்கும். இந்த அளவுக்குத் தண்ணீர் வந்ததும் பம்பை நிறுத்து, இந்த அளவுக்கு இறங்கியதும் ஓட்டு, இன்னாரைத் தவிர யாரையும் தொடவிடாதே என்று அந்தப் பெட்டிக்கு உத்தரவு எழுதுகிறாள். எங்கள் குடிநீர் அலுவலகத்துக்கு இருபத்திரண்டு பம்ப் அறைகள். அறைக்கு ஒரு தொட்டி, தொட்டிக்கு ஒரு பெட்டி. இருபத்திரண்டும் அவள் பேச்சைக் கேட்கின்றன. வீட்டில் ஒரே ஒருவன்தான் கேட்பதில்லை. அது நான்.

முப்பத்தெட்டு வருடம் அதே அலுவலகத்தில் பம்ப் ஓட்டினேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஓய்வு கொடுத்த பிறகும் சாவிக்காரனாக வைத்திருக்கிறார்கள். எந்த அறையின் பூட்டு மழையில் மக்கர் பண்ணும், எந்த வால்வை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் என் தலையில்தான் இருக்கிறது. எந்தக் காகிதத்திலும் இல்லை. இருக்கவும் விடமாட்டேன். ஒரு காலத்தில் எழுதி வைத்திருந்தேன், நீல அட்டை போட்ட நோட்டில். ஒரு அதிகாரி வந்தார். தோளில் கை போட்டார். "அண்ணே, உங்க அனுபவம் பொக்கிஷம்" என்றார். நோட்டை வாங்கிக்கொண்டு போனார். மூன்றே மாதத்தில், நாலு பேர் பார்த்த வேலைக்கு ஒருவன் போதும் என்று உத்தரவு வந்தது. மூன்று பேர் வீட்டுக்குப் போனார்கள். நோட்டு திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து யாராவது கையில் பேனாவோடு என்னிடம் கேள்வி கேட்டால் எனக்குக் காது கேட்காது.

மருமகளுக்கு முன்னால் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் கோட்டுக்காரர். வெளிக் கம்பெனி ஆள். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கோட்டைக் கழற்றமாட்டார். அறைக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்து, அரை நாள் தட்டுவார். முதல் அறைக்கு எழுதியதை அப்படியே நகல் எடுத்து இரண்டாம் அறைக்குக் கொஞ்சம் மாற்றுவார். இரண்டாவதை நகல் எடுத்து மூன்றாவதுக்கு. இப்படியே இருபத்திரண்டு வரை. ஒரு தடவை பெட்டிகளின் கடிகாரம் பின்தங்குகிறது என்று தெரிந்து, எட்டு அறைகளில் திருத்தினார். மீதியை மறந்தே போனார். ஊரில் அந்த எட்டுப் பெட்டிகள் காலை ஆறு என்றால் மீதிப் பெட்டிகள் ஐந்தே முக்கால் என்றன. ஆனாலும் எனக்கு அவர்மேல் ஒரு பிரியம் இருந்தது. அவருக்கு ஒவ்வொரு அறைக்கும் நான் தேவைப்பட்டேன். "பெரியவரே, இங்க என்ன வச்சிருந்தோம்?" என்று கேட்பார். சொல்வேன். எழுதிக்கொள்ளமாட்டார். அடுத்த தடவையும் கேட்பார். எனக்கு அது வசதியாக இருந்தது.

மருமகள் தேர்வு எழுதி வந்தாள். என் சிபாரிசு இல்லை, சத்தியமாக. ஆறு மாத நியமனம். ஆறாவது மாத முடிவில் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று தலைமைப் பொறியாளர் முடிவு செய்வார். லாரி ஓட்டும் என் மகன் மாதத்தில் இருபது நாள் வெளியூர். இந்த வேலை நிலைத்தால் அவன் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு வீட்டோடு இருக்கலாம் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டிருந்தார்கள். வீட்டில் அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

முதல் மாதம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். எதிரே என் வீட்டுக்காரி பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டேன்.

"ஏம்மா, இருபத்திரண்டுக்கும் எழுதி முடிச்சாச்சா?"

"எழுதினது ஏழுதான் மாமா."

"மீதி பதினஞ்சு?"

"மீதியே கிடையாது. கடிகாரத்துக்கு ஒரு துண்டு. யாரு தொடலாம்கிறதுக்கு ஒரு துண்டு. தண்ணி அளவுக்கு ஒண்ணு, அலாரத்துக்கு ஒண்ணு. இப்படி ஏழு. அப்புறம் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சீட்டு. பேரு, நம்பர், எந்தெந்தத் துண்டு வேணும். அவ்வளவுதான் அதுல இருக்கும்."

"அப்ப ஒரே துண்டைத்தான் இருபத்திரண்டு எடத்துலயும் போடுற."

"ஆமா."

"அந்தத் துண்டுல தப்பு இருந்தா?"

"இருபத்திரண்டு எடத்துலயும் தப்பு வரும். ஆனா ஒரு எடத்துல திருத்தினா போதும்."

வீட்டுக்காரி பூண்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள். "உங்க மாமாவுக்கு அந்த வசதியும் இல்லம்மா. அவரு தப்பு பண்றது ஒரே எடத்துலதான். ஆனா எந்த எடத்துலயும் திருத்த முடியாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டேன்.

ஆனால் அவள் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. குழாய் வேலை தெரிந்தவனுக்கு அது புரியாமல் இருக்காது. வளைக்க வேண்டிய இடத்தில் எல்போ, பிரிக்க வேண்டிய இடத்தில் டீ, சேர்க்க வேண்டிய இடத்தில் கப்ளிங். வீட்டுக்கு வீடு எல்போவைப் புதிதாக வார்த்துக்கொண்டிருந்தால் ஊருக்குத் தண்ணீர் எப்போது போவது? அதே எல்போதான் ஆஸ்பத்திரிக்கும், அதே எல்போதான் மாட்டுக் கொட்டகைக்கும். மருமகள் எழுத்தில் எல்போ செய்திருக்கிறாள். பளிச்சென்று புரிந்தது. புரிந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் இடி விழுந்து ஆறாம் அறைப் பெட்டி கருகிப்போனது. கோட்டுக்காரர் காலத்தில் இப்படி ஆனால் ஒன்றரை நாள். நானும் சாவியோடு போய் நின்றேன். புதுப் பெட்டியை மாட்டினார்கள். மருமகள் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஆறாம் அறைச் சீட்டைத் திறந்தாள். பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். பெட்டியின் எண்ணை மட்டும் மாற்றினாள். ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுத் தலைமுடியை அவிழ்த்து முடிந்துகொண்டாள். திரையில் பச்சைப் பச்சையாக வரிகள் ஓடின. கடிகாரம் ஆச்சு, ஆட்கள் ஆச்சு, அளவு ஆச்சு, அலாரம் ஆச்சு. பம்ப் 'கும்' என்று கிளம்பியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம்.

"கையால போடுறதுல இருக்கிற பதவிசு இதுல வராது" என்றேன்.

"வராது மாமா. மறதியும் வராது" என்றாள்.

கெட்டிக்காரி. வாயும் கெட்டி.

இனி என் யோக்கியதையைச் சொல்கிறேன். பூசி மெழுகிப் பழக்கம் இல்லை.

ஒன்பதாம் அறையில் ஒரு கோளாறு உண்டு. எல்லாத் தொட்டியிலும் மேலே ஒரு தாங்கியில் அளவுக் கண் ஒன்று தொங்கும். தண்ணீர் தனக்குக் கீழே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அது பார்த்துச் சொல்லும். அதை வைத்துத் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று பெட்டி கணக்குப் போடும். ஒன்பதாம் தொட்டியில் குறுக்கே ஒரு விட்டம் இருந்ததால் தாங்கியை மற்றவற்றைவிட ஒரு சாண் மேலே தூக்கி அடித்துவிட்டார்கள். அதனால் அங்கே மட்டும் பெட்டி எப்போதும் ஒரு சாண் குறைவாகவே சொல்லும். மற்ற தொட்டிகளில் மூன்றரை மீட்டரில் பம்ப் நிற்கும். இங்கேயும் மூன்றரை என்று வைத்தால் நிற்கவே நிற்காது. பெட்டி மூன்றரை என்று நினைப்பதற்குள் தொட்டி நிரம்பி வழிகுழாய் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடித்தவன் நான். கோட்டுக்காரரிடம் சொல்லி ஒரு சாண் குறைத்து மூன்று முப்பது என்று மாற்றி வைக்கச் செய்தவனும் நான். வழக்கம்போல அவர் அதை எங்கேயும் எழுதவில்லை.

ஆறாம் மாதம் மருமகள் இன்னும் துண்டு போடாத பழைய பெட்டிகள் எல்லாவற்றையும் படித்து வித்தியாசங்களைப் பட்டியல் எடுத்தாள். பேனாவோடு வந்தாள்.

"மாமா, ஒன்பதுல மட்டும் மூணு முப்பதுன்னு இருக்கே. ஏன்?"

பேனாவைப் பார்த்தேன். நீல அட்டை நோட்டு ஞாபகம் வந்தது. இதையும் அவள் சீட்டில் எழுதிவிட்டால் அப்புறம் இந்தச் சாவிக்காரன் எதற்கு?

"எனக்கென்ன தெரியும்? அந்தக் கோட்டுக்காரன் தூங்கி வழிஞ்சிருப்பான்" என்றேன்.

அவள் நம்பினாள். ஒன்பதையும் மூன்றரை ஆக்கினாள்.

என் திட்டம் இதுதான். ஒன்பதாம் அறைக்குப் போய், பெட்டியில் என் அட்டையைக் காட்டி, மூன்று முப்பது என்று கையால் மாற்றிவிடுவது. யாருக்கும் தெரியாது. தண்ணீர் வழியாது. ரகசியமும் என்னிடமே இருக்கும். அட்டையைக் காட்டிப் பொத்தானை அமுக்குவதற்கு மட்டும் பழைய ஆட்களுக்கு அனுமதி உண்டு. என்னுடையது நாலாம் எண் அட்டை.

மாற்றினேன். காலையில் மாற்றியது, மதியம் போனால் மறுபடி மூன்றரை. கை தவறியிருக்கும் என்று திரும்ப மாற்றினேன். மாலையில் போனால் மறுபடி மூன்றரை. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மாற்றிவிட்டு அங்கேயே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். கண்ணை எடுக்கவில்லை. மணி சரியாக ஏழு. யாரும் தொடவில்லை. என் கண்ணெதிரே மூன்று முப்பது போய் மூன்று ஐம்பது வந்து நின்றது.

அன்றைக்குச் சாப்பிடும்போது சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஏம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். ஒருத்தன் பெட்டியில கையால எதையாவது மாத்தினா என்ன ஆகும்?"

"எழுதி வச்சதுக்கே திரும்பிடும் மாமா. மணிக்கு ஒரு தடவை எல்லாத் துண்டையும் சரிபார்த்துக்கும்."

"மாத்தினவனுக்கு ஏதாவது காரணம் இருந்தா?"

"இருந்தா எங்கிட்ட சொல்லணும். அந்த அறைச் சீட்டுல ஒரு வரி சேர்த்துடுவேன்." கையிலிருந்த கரண்டி நின்றது. "யாராவது மாத்துறாங்களா என்ன?"

"பொதுவாக் கேட்டேன்மா. ரெண்டு கரண்டி போடு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தினம் காலை ஊர் எழுந்து குழாயைத் திறந்ததும் தொட்டி இறங்கும், பம்ப் ஓடும், எட்டு மணி சுமாருக்கு நிரம்பும். சாயங்காலம் மறுபடி ஒரு தடவை. அந்த இரண்டு நேரமும் நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய், நிரம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் மூன்று முப்பது என்று அமுக்கி, பம்ப் நின்றதைப் பார்த்துவிட்டு வருவேன். பன்னிரண்டு நாள். அறுபத்தெட்டு வயதில் ஒரு இரும்புப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். அது ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் முட்டி வீங்கியது.

"எங்க போறீங்க, ரெண்டு வேளையும் ஆபீஸ் ஜீப் மாதிரி?" என்றாள் வீட்டுக்காரி.

"காத்து வாங்க."

"ஒன்பதாம் அறையிலதான் காத்து விக்குறாங்களா?"

பதின்மூன்றாம் நாள் வீட்டுக்காரியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. மதியமே ஒன்பதாம் அறைக்குப் போய் அமுக்கிவிட்டு, ஒரு நாளாவது இருக்கட்டும் என்று பெட்டியிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆஸ்பத்திரியில் எங்கள் முறை வர மாலை ஆறு. ஊர் திரும்பினால் ஒன்பதாம் அறைச் சந்தில் கூட்டம். வழிகுழாய் இரண்டு மணி நேரமாகக் கொட்டியிருக்கிறது. அடுத்த சுவர் தச்சர் பட்டறை. ஒரு பள்ளிக்கூடத்துக்காகச் செய்து அடுக்கி வைத்த பதினாறு கதவும் கணுக்கால் தண்ணீரில் ஊறி உப்பிவிட்டன.

"கதவு கேட்டாங்க, தெப்பம் செஞ்சு வச்சிருக்கேன்!" என்று தச்சர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தலைமைப் பொறியாளர் அறையில் எல்லோரையும் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் மருமகள், தச்சர், பழைய விவரம் கேட்க வரவழைத்த கோட்டுக்காரர். சாவிக் கொத்தோடு கதவோரம் நான். மருமகள் ஒரு காகிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அந்த மாதக் கடைசிக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

கோட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "சார், நான் அப்பவே சொன்னேன். இது சோம்பேறித்தனம். ஒரு துண்டை எழுதிட்டு இருபத்திரண்டு எடத்துல ஒட்டினா எப்படி? ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு குணம் இருக்கு. தனித்தனியாதான் எழுதணும். நான் பார்த்தவரைக்கும் ஒன்பது ஒரு நாளாவது வழிஞ்சிருக்கா?"

தலைமைப் பொறியாளர் மருமகளைப் பார்த்தார். "ஒன்பது முன்னாடி மூணு முப்பதுல இருந்திருக்கு. நீங்க மாத்தியிருக்கீங்க. கேட்டுட்டு மாத்தினீங்களா, உங்க இஷ்டத்துக்கா?"

மருமகள் ஒரு விநாடி தரையைப் பார்த்தாள். "கேட்டேன் சார்."

"யாரை?"

அவள் விரல் அந்த மடித்த காகிதத்தைப் பிரித்தும் பிரிக்காமலும் நின்றது.

"இவங்க நியமனம் இந்த மாசத்தோட முடியுது" என்றார் பொறியாளர், யாருக்கோ சொல்வதுபோல. "பழைய முறைக்கே திரும்பிடலாமான்னு யோசிக்கிறேன்."

ஆறாம் அறையின் பதினெட்டு நிமிடம் கண்முன்னால் வந்தது. நான் ஆயுசில் பார்த்த நல்ல வேலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்று அது. அதை நான் ஒரு சாண் பொய்யில் முக்கிக் கொன்றுகொண்டிருந்தேன்.

"என்னைத்தான் கேட்டுச்சு" என்றேன்.

எல்லாத் தலையும் திரும்பியது.

"ஏன்னு கேட்டுச்சு. தெரியாதுன்னு சொன்னேன். தெரியும். தாங்கி ஒரு சாண் மேல இருக்கு. இந்தக் கோட்டுக்காரரு ஒண்ணும் கண்டுபிடிக்கல, நான் சொல்லித்தான் மாத்தினாரு. பன்னிரண்டு நாளா நான்தான் போய்ப் போய் அமுக்கிக்கிட்டு இருந்தேன். நேத்து போக முடியல. அதான் வழிஞ்சது."

தச்சர் என் பக்கம் எழுந்தே வந்துவிட்டார். "யோவ் பெரிசு! பதினாறு கதவுய்யா!"

"நான்தான்யா. உக்காரு. உப்பினது காய்ஞ்சதும் நானே வந்து இழைச்சுத் தர்றேன்."

"நீ வந்து இழைச்சா கதவு பல்குச்சி ஆயிடும். பட்டறைப் பக்கமே வராத!"

பொறியாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஏன் பெரியவரே மறைச்சீங்க?"

"எழுதிக் குடுத்தா ஆளை அனுப்பிடுவீங்க. ஒரு தடவை அனுப்பினீங்க."

அவருக்கு அது தெரியாது, அது அவருக்கு முந்தின காலம். கோட்டுக்காரர் விடுவதாக இல்லை. "எப்படியோ சார், நான் சொன்னதுதானே? ஒன்பது தனி. இப்ப அந்த ஒரே துண்டு ஒன்பதுக்கு ஆகாது. அப்ப ஒன்பதுக்குன்னு தனியா எழுதணும். நாளைக்கு இன்னொண்ணு தனிம்பாங்க. கடைசியில என் வழிக்குத்தான் வரணும்."

அந்தப் பேச்சு எனக்கே நியாயமாகத்தான் பட்டது. எல்போ பொருந்தாத இடம் என்றால் வேறு என்ன செய்வது? மருமகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து பொறியாளர் பக்கம் திருப்பினாள்.

"ஒன்பதுக்குத் தனியா எழுதினா தப்பு சார். மூணு முப்பதுன்னு போட்டதும் தப்புதான். அது சும்மா ஒட்டுப் போட்ட மாதிரி. தொட்டி நிரம்புற அளவு எல்லாத்துக்கும் மூணரைதான். வித்தியாசம் தாங்கி உயரத்துல இருக்கு. எல்லாத் தாங்கியும் ஒரே உயரம்னு நான் துண்டுக்குள்ளயே அடிச்சு எழுதியிருக்கேன். அது என் தப்பு. துண்டுக்குள்ள இருக்கவேண்டியது எல்லாருக்கும் பொதுவானது மட்டும்தான். தாங்கி உயரம் சீட்டுல இருக்கணும்."

பேசிக்கொண்டே தட்டினாள். அளவுத் துண்டில் உயரம் எழுதியிருந்த எண்ணை எடுத்தாள். அந்த இடத்தில், சீட்டில் பார்த்துக்கொள் என்று வைத்தாள். சீட்டில் உயரம் இல்லையென்றால் ஓடமாட்டேன் என்று துண்டு அடம்பிடிக்கும்படி இன்னொரு வரி சேர்த்தாள். ஒன்பதாம் சீட்டில் ஒரே ஒரு வரி. அவ்வளவுதான். மாற்றியது மொத்தம் மூன்று இடம். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

"எத்தனை நேரம் ஆகும், எல்லாத்துக்கும்?" என்றார் பொறியாளர்.

"போடுறதுக்குக் கொஞ்ச நேரம் சார். ஆனா இன்னிக்குப் போடமாட்டேன். மத்த இருபத்தொண்ணு தாங்கியும் உண்மையிலேயே என்ன உயரம்னு எனக்குத் தெரியாது. அளக்கணும். அதுவரைக்கும் ஒன்பதுல மட்டும் போடுறேன். அது சரியா நின்னா இன்னும் மூணு. அப்புறம்தான் மீதி."

எனக்கு அங்கேதான் அவளைப் பிடித்துப்போனது. தப்பு இருபத்திரண்டாகப் பெருகும் என்ற பயம் எனக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. அந்தப் பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது. நான் பயந்து வாயை மூடிக்கொண்டேன். அவள் பயந்து படி கட்டி வைத்திருக்கிறாள்.

"நான் அளக்குறேன்" என்றேன்.

"நீங்களா?" என்றார் கோட்டுக்காரர்.

"நாடா பொய் சொல்லாது. சந்தேகம்னா நீங்களும் வாங்க. கோட்டைக் கழட்டிட்டு ஏணியில ஏறணும்."

அவர் வரவில்லை.

படியில் இறங்கும்போது மருமகள் அந்த மடித்த காகிதத்தை என்னிடம் நீட்டினாள். பிரித்துப் பார்த்தேன். தேதி, மணி, ஒன்பதாம் அறை, மூன்று முப்பது. அதற்குப் பக்கத்தில் அட்டை எண் நாலு. வரி வரியாக இருபத்தேழு தடவை. நான் ஒவ்வொரு தடவை அமுக்கியதையும் அந்தப் பெட்டி எழுதியே வைத்திருக்கிறது.

"இது எப்பத் தெரியும் உனக்கு?"

"இன்னிக்குக் காலையில. தினமும் ஒன்பதுல ஒண்ணு மாறியிருக்குன்னு சேதி வந்துக்கிட்டேதான் இருந்தது. பெட்டிக்குள்ள பேட்டரி போச்சுன்னு நினைச்சு, புதுசு கேட்டு எழுதிப் போட்டேன். யாரு அட்டைன்னு பார்க்கணும்னு தோணவே இல்ல. வீட்டுக்குள்ளயே திருடன்னு எப்படித் தோணும்?"

"அங்க ஏன் காட்டல?"

"காட்டியிருப்பேன் மாமா." என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள். "பிரிக்கத்தான் போனேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

வேறு யாராவது என்றால், உங்களுக்காக மறைத்தேன் என்று ஒரு தேன் தடவிய பேச்சுப் பேசியிருப்பார்கள். நானும் நம்பாமல் தலையாட்டியிருப்பேன். இவள் பேச்சில் தேனும் இல்லை, விஷமும் இல்லை. இப்படி ஒருத்தியை நம்பலாம். முப்பது வருடத்தில் நான் நம்பிய முதல் பேனா அதுதான்.

இரண்டு நாள் ஏணியும் நாடாவுமாக அலைந்தேன். நான் உயரத்தைச் சொல்ல, கீழே நின்று அவள் அந்தந்த அறைச் சீட்டில் போட்டுக்கொண்டே வந்தாள். பதினாலாம் தொட்டியில் தாங்கி நாலு விரல் மேலே இருந்தது. பதினேழில் இரண்டு விரல் கீழே. இது எனக்கே தெரியாது. முப்பத்தெட்டு வருடமாக எல்லாம் என் தலையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினாலாம் தொட்டி அவ்வப்போது கசிவதற்குக் குழாய் பழசு என்று நானே ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஒன்பதும் அடுத்துப் போட்ட மூன்றும் சரியாக நின்றதைப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் காலை துண்டை எல்லா இடத்துக்கும் அனுப்பினாள். திரையில் இருபத்தொரு பச்சை வரி. ஒன்று சிவப்பு.

"என்னம்மா?"

"இருபதாம் சீட்டுல உயரம் எழுத மறந்துட்டேன். அதான் ஓடமாட்டேன்னு நிக்குது." எழுதினாள். அதுவும் பச்சையானது. தன் மறதிக்கும் அவள் ஏற்கெனவே ஒரு காவல் போட்டு வைத்திருந்தாள் பாருங்கள்.

தலைமைப் பொறியாளர் மாதக் கடைசி நாளில் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் இல்லை, நிரந்தரம். கோட்டுக்காரர் போகும்போது அந்த அளவுத் துண்டின் பிரதி ஒன்று கிடைக்குமா, வேறு ஊர்த் தொட்டிகளுக்கு ஆகும் என்று அவளிடம் காதோடு கேட்டாராம். கொடுத்திருக்கிறாள். "துண்டு எதுக்கு இருக்கு, எடுத்துப் போடத்தானே மாமா" என்கிறாள். நானாக இருந்தால் வாளியைக்கூடக் கொடுத்திருக்கமாட்டேன்.

அன்றைக்கு அவள் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். மகன் லாரியை நிறுத்திவிட்டு வந்திருந்தான். நான் எட்டிப் பார்த்தேன். அளவுத் துண்டு. எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அந்த இங்கிலீஷுக்கு நடுவே, தாங்கி உயரம் கேட்கிற இடத்துக்கு மேலே, தமிழில் ஒரு வரி இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"யாரையும் கேட்காதே. கேட்டால் தெரியாது என்பார்கள். நாடா வைத்து அள."

"இது என்னம்மா?" என்றேன்.

"பின்னாடி வர்றவங்களுக்குக் குறிப்பு மாமா. பெட்டி அதைப் படிக்காது. மனுஷங்கதான் படிப்பாங்க."

"எத்தனை எடத்துல எழுதி வச்சிருக்க?"

"ஒரே எடத்துலதான்."

வீட்டுக்காரி தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள். "ஒரே எடம்னா, இருபத்திரண்டு அறைக்கும் சேர்த்துத்தானே?"

மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரைப் பத்தி?" என்று என்னையே கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் என் சோறு ஆறிப்போனது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒன்பதாம் அறைக்குப் போனேன். பொத்தானைத் தொடவில்லை. ஏணியில் ஏறி நின்றேன். மூன்றரையில் பம்ப் தானாக நின்றது. நாடாவை இறக்கிப் பார்த்தேன். மூன்றரைதான். நாளைக்கும் ஒரு தடவை அளந்து பார்ப்பேன்.